கிள்ளான் தோட்டங்களும் மலாயாக் கிளர்ச்சியும்

மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி 1930-இல் தோன்றியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சீனர். தோட்டத் தமிழரின் கோபம் வேறு வழியில் கிளம்பியது. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழருக்கும் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கடைசிக் கோரிக்கைக்குக் காசு செலவில்லை. துரைமாரை அதிகம் உறுத்தியது அதுவாகவே இருக்கலாம். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் இறங்கியது, ஐந்து தொழிலாளர் மாண்டனர்.

டிசம்பரில் ஜப்பானியர் நுழைந்ததும் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய் எதிர்ப்புப் படை திரட்டினர். பிற்பாடு அந்தப் படைக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் ஆங்கிலேயரே. 1942 செப்டம்பர் 1-இல் பத்துமலை அருகே கூடிய தலைவர்களை ஜப்பானியர் வளைத்துக் கொன்றனர். காட்டிக்கொடுத்தவர் கட்சியின் பொதுச்செயலாளர் லாய் டெக். குட்டு வெளிப்படும் நேரத்தில், 1947-இல், கட்சிப் பணத்தோடு ஓடினார். அவர் இடத்துக்கு இளைஞரான சின் பெங் வந்தார்.

இதற்கிடையில் போர் முடிந்து, 1945 கடைசியில் ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டது. ஆயுதங்களில் ஒரு பகுதி காட்டிலேயே புதைந்து கிடந்தது. கட்சி தொழிற்சங்கங்களில் கவனம் வைத்தது. அரிசித் தட்டுப்பாடும் குறைந்த கூலியும் சங்கங்களுக்கு ஆள் சேர்த்தன. எல்லா இனத் தொழிலாளரையும் இணைத்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக எஸ்.ஏ. கணபதி என்ற தமிழர் வந்தார்.

1948 ஜூனில் அரசு சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தை முடக்கியது. 16-ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். 18-ஆம் தேதி நாடெங்கும் அவசரகாலம். சங்கக்காரர்கள் பலர் காட்டுக்குப் போனார்கள். கைத்துப்பாக்கியுடன் பிடிபட்ட கணபதி, இந்தியா கருணை கேட்டும், 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

காட்டுப் படையில் தமிழர் சிலரே. தோட்டத்து லயங்களில் நிர்வாகத்தின் கண்காணிப்பில் இருந்தவர்களால் காட்டுக்கு அரிசி அனுப்புவது எளிதல்ல. காட்டோரச் சீனக் குடியிருப்புகள்தான் கிளர்ச்சிக்குச் சோறு போட்டன. 1951 அக்டோபர் 6-இல் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொல்லும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. சுமார் ஐந்து லட்சம் பேரை வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றி அரசு அந்தச் சோற்றுவழியை அடைத்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. கட்சி ஆயுதத்தைக் கைவிட்டது 1989 டிசம்பரில், தாய்லாந்தின் ஹாட்யாயில்.