சாரம் அவிழ்ப்பதற்கு முன்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மனஸ்தாபம் வருவதெல்லாம் கடைசி இரண்டு நாளில்தான். பட்டி பார்க்கும்போது வராது, பிரைமர் அடிக்கும்போதும் வராது. செகண்ட் கோட்டு காய்ந்து, பையன்கள் பிரஷ் கழுவும் நேரத்தில் வரும். வீட்டுக்காரருக்குச் சுவர்மேல் சந்தேகம், எனக்குப் பாக்கிப் பணம்மேல் சந்தேகம். மதுரையில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். அடிப்பதைவிட முடித்து ஒப்படைப்பதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன். அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்காத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் என்று சொந்தக்காரர்களிடமும் சொல்வேன்.

பொங்கல் நெருங்கினால் இந்த ஒரு நாள்தான் முதலில் காணாமல் போகும். மார்கழியில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். ஆட்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம். "ரெண்டு நாள்ல வந்து டச்சப் பண்ணித் தர்றோம்ணே" என்று சொல்லிச் சாரத்தை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்த பிறகு சன்ஷேடுக்கு மேலே விட்டுப்போன இடத்துக்கு யார் ஏறுவது? வீட்டுக்காரர் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை நான் சாரத்தில் கை வைக்க விடுவதில்லை. ஒரு நாள் வாடகை கூடுதலாகப் போகும். போகட்டும்.

உள்ளே இரண்டு தடவை பார்க்க வேண்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பட்டியின் மேடு பள்ளம் தெரியும். ராத்திரி அந்த வீட்டு விளக்குகளையே போட்டுப் பார்த்தால், சுவரை ஒட்டி மாட்டிய எல்.இ.டி. விளக்கு, உப்புத்தாள் சரியாகத் தேய்க்காத இடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். மூன்றடி தள்ளி நின்று பார்க்கச் சொல்வேன். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் ரோலரின் புள்ளிகள்கூடக் குறை மாதிரித் தெரியும். அவை குறை அல்ல.

கண்ணில் பட்டதைப் பென்சிலால் குறிக்கக் கூடாது, மேலே அடித்த பிறகும் கோடு தெரியக்கூடும். மாஸ்கிங் டேப் ரோலை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, கிழித்து ஒட்டச் சொல்லிவிடுவேன். பல பேர் தயங்குவார்கள். என் முகத்துக்காக "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் அப்படித் தயங்கவில்லை. "தம்பி, கதவுக் கீல் மேல பெயின்ட் பட்டிருக்கு, சுவிட்ச் பாக்ஸ் ஓரத்துல வெள்ளை தெரியுது, பாத்ரூம் கதவோட அடிப்பக்கம் அடிக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார். "ஒட்டுங்க டீச்சர், ஒண்ணு விடாம ஒட்டுங்க" என்றேன். கதவின் அடி விளிம்பு முக்கியமான இடம். அதை அடிக்காமல் விட்டால் மரம் தண்ணீர் குடித்து உப்பிவிடும். எல்லாத் துண்டையும் எடுத்து முடிக்க மறுநாள் மதியம் ஆனது. பாக்கியை அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

பளபளப்புள்ள எமல்ஷனில் ஒரு சாண் இடத்துக்கு மட்டும் டச்சப் செய்தால் அது திட்டாகத் தனியாகத் தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு கோட்டு ஓட்டிவிடுவதுதான் சரி. அதற்குத்தான் அதே பேட்ச் பெயின்ட்டில் கொஞ்சம் மிச்சம் வைக்கிறோம்.

அடுத்தது அளவு. இதில்தான் எங்களை அதிகம் சந்தேகப்படுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி, சீலிங் 120, ஆக 560. "கதவு இருக்கிற இடத்துக்கும் காசா?" என்பார்கள். நியாயமான கேள்வி. கட்டட வேலைகளை அளக்க ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர அளவுமுறை இருக்கிறது. அதன்படி அரை சதுர மீட்டர்வரை உள்ள திறப்பைக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர்வரை, அதாவது ஏறக்குறைய 32 சதுர அடிவரை, சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தில் கழிக்காததற்கு ஈடாக, திறப்பின் உள்விளிம்புகளில் அடிப்பதற்குத் தனிக் கணக்கு கிடையாது. மூன்றுக்கு ஏழு கதவு 21 சதுர அடி, இதற்குள் அடங்கும். இதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே எழுதிக் காட்டிவிட வேண்டும். தரைப்பரப்பை மூன்றரையால் பெருக்கிக் கடைசியில் பில் நீட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரரே பிடிக்கட்டும்.

பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கென்று கம்பெனி டோக்கன் வைக்கிறது. பல வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. அது எங்களுக்கு வருகிறது என்பதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலி வாளிகள் வீட்டுக்காரர்களுடையவை.

பழைய எனாமலைத் தேய்த்த வீட்டில் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் கம்பிகளில் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தவழும் குழந்தை உள்ள வீடென்றால் இந்த வேலையை நானே நின்று செய்விப்பேன்.

மிச்சப் பெயின்ட்டை மூடி இறுக அடித்து, எந்த அறை, என்ன ஷேடு நம்பர், எந்தத் தேதி என்று டப்பாவின்மேல் எழுதி, கடை பில்லோடு கொடுத்துவிடுவேன். கம்பெனி வாரன்டி கேட்கப் போனால் முதலில் அந்த பில்லைத்தான் கேட்பார்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தாலும் எமல்ஷன் முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். ஒரு மாதத்துக்குச் சுவரைக் கழுவ வேண்டாம், கறை பட்டாலும் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

முதல் பெரிய மழை ஓய்ந்ததும் போன் செய்து, எங்கேயாவது ஓதம் தெரிகிறதா என்று கேட்பேன். தெரிகிறது என்றால் போய்ப் பார்ப்பேன். வேலையின் குறையால் பெயின்ட் உரிந்திருந்தால் என் செலவில் சரிசெய்வேன். மொட்டைமாடியோ குழாயோ கசிந்தால் முதலில் கொத்தனாரையோ பிளம்பரையோ கூப்பிட வேண்டும், சுவர் காய்ந்த பிறகுதான் நான் பட்டி வைக்க முடியும். இந்த இரண்டையும் பில்லின் அடியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.