கல் பெயர்த்த நிலத்தில் சுடர்

நவம்பர் 27, மாவீரர் நாள். மாலை 6.05க்கு, போரில் மாண்ட விடுதலைப் புலிகளைப் புதைத்த கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லத்தில் மணி ஒலிக்கும். பிறகு அகவணக்கம். 6.07க்குச் சுடர். மாரி மழை பெய்தாலும் தாய்மார் நேரத்தோடு வந்து இடம் பிடித்துவிடுவார்கள். எந்த இடம் என்பதுதான் சிக்கல். பிள்ளையின் பெயர் பொறித்த கல் அங்கே இல்லை.

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. வன்னியின் துயிலும் இல்லங்களை அதன்பின் புல்டோசர்கள் உழுதன. கனகபுரத்தில் உடைந்த கல்லறைத் துண்டுகளை மக்கள் குவித்து வைத்திருக்கிறார்கள். 2016இல்தான் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கி மீண்டும் சுடரேற்ற முடிந்தது.

சைவக் குடும்பங்கள் இறந்தவர்களைப் பெரும்பாலும் எரிப்பவை. புலிகளும் ஆரம்பத்தில் மாண்ட தம்மவரை எரித்தார்கள். புதைப்பது பின்னால் வந்த வழக்கம். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டால் போய் அழ ஓர் இடம் மிஞ்சாது. கல்லறை அந்த இடத்தைக் கொடுத்தது. உடல் கிடைக்காதவர்களுக்கும் நினைவுக்கல் நட்டார்கள். விரும்பிப் போனவர்கள் மட்டுமல்ல, இறுதிக் காலத்தில் வீட்டுக்கொருவர் என்று பிடித்துச் செல்லப்பட்டவர்களும் போர்க்களத்தில் மாண்டார்கள். இயக்கத்தின் மீது கோபம் தீராத தாயும் சுடரேற்ற வருவதில் எனக்கு வியப்பில்லை.

அதே கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம், இராணுவத்தின் வெற்றிச் சின்னம் பளபளவென்று நிற்கிறது. திருகோணமலையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரித்தானியப் படையினரின் கல்லறைகளில் புல்கூட ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. ஜே.வி.பி. ஆயுதமேந்தி அரசோடு மோதிய இயக்கம். அதன் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்ட நவம்பர் 13இல் அது ஆண்டுதோறும் தன் தோழர்களை நினைவுகூர்கிறது. அதில் தவறில்லை. இன்று ஆட்சியில் இருப்பதும் அந்தக் கட்சியின் தலைமையிலான கூட்டணிதான். மாண்ட தோழருக்கு மாலை போடுவது என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் துயிலும் இல்லக் காணிகள் எல்லாம் இன்னும் மக்களிடம் வந்து சேரவில்லை. வவுனியா ஈச்சங்குளத்தில் இராணுவ முகாம் எழுந்தது. யாழ்ப்பாணம் கோப்பாயில் இராணுவம் 1995இல் இடித்ததை 2002 போர்நிறுத்தத்தின்பின் மக்கள் திருத்திக் கட்டினார்கள். அதையும் இராணுவம் தகர்த்து, 2011இல் அங்கே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைத் திறந்தது. எலும்புகளின் மேல் முகாம் இருக்கும்வரை நல்லிணக்கம் பற்றிப் பேச அரசுக்கு வாயில்லை. காணிகளை முதலில் விடுங்கள். கல் வைப்பதைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.