காலுக்குக் கண் வேண்டும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் பனை ஏறுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலில் தளைநார் மாட்டியிருக்கும். கை மரத்தை அணைத்திருக்கும். உடம்பை மேலே தள்ளுவது கால்தான். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைப்பாறைகளைப் பார்த்து ஆசைப்பட்டு முதன்முதலாக ஏறுகிறவரோ கையால் தொங்கி இழுப்பார். ஐந்தாறு அடியிலேயே முன்கை கல்லாகிவிடும்.

விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. இறுக்கிப் பிடிக்கும்போது அவை தமக்குள் ஓடும் ரத்தக் குழாய்களையே நெரிக்கின்றன; ரத்தம் குறைந்த தசை சீக்கிரம் ஓய்ந்துபோகும். தொடைத் தசையோ பெரியது, நாள் முழுக்க நம்மைச் சுமந்து பழகியது. சுமையைக் கையிலிருந்து காலுக்கு மாற்றத்தான் பாறையேற்றத்தில் இத்தனை பயிற்சிகள்.

இதற்கு உயரம் வேண்டாம். தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் கால் போகாமல் பக்கவாட்டில் நகர ஒரு பாறையும், கூட ஒரு துணையும் போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். நனைந்த பாறை பக்கம் போகவே கூடாது.

முதல் பயிற்சி, சத்தமில்லாமல் கால் வைப்பது. ஷூ பாறையில் உரசினாலோ 'டப்'பென்று மோதினாலோ, கால் போய்ச் சேருமுன் கண் அடுத்த பிடியைத் தேடப் போய்விட்டது என்று பொருள். பெருவிரல் பதியும்வரை பார்க்க வேண்டும். பதித்த காலை நகர்த்தக் கூடாது.

இரண்டாவது, கையை நீட்டியே வைத்திருப்பது. முழங்கை மடங்கினால் புயத் தசை ஓயாமல் உழைக்கும். நீட்டினால் எலும்பும் தசைநாரும் பெரும்பாரத்தைத் தாங்கும். இடுப்பின் ஒரு பக்கத்தைப் பாறையோடு ஒட்டித் திருப்பினால், அதே பக்கத்துக் கை இன்னும் உயரே எட்டும்.

மூன்றாவது, அடுத்த பிடியைத் தொடுமுன் கையை அதற்கு மேலே நிறுத்தி மூன்று எண்ணுவது. உடம்பின் எடை காலுக்கு நேராக வந்திருந்தால் நிற்க முடியும். வராவிட்டால் கதவுபோல் வெளியே திரும்பிவிடுவோம்.

பிடியே இல்லாத வழுக்குச் சரிவில் பயம் நம்மைப் பாறையோடு ஒட்டிப் படுக்கச் சொல்லும். படுத்தால் பாதத்தின் அழுத்தம் குறைந்து கால் வழுக்கும். இடுப்பை வெளியே எடுத்து, குதிகாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்றால் எடை பாதத்தில் இறங்கும்; உராய்வு கூடும்.

அடுத்தது, கண்ணை மூடி நகர்வது. இருட்டில் மூக்கைத் தொட்டால் கை தவறுவதில்லை. தசைகளும் மூட்டுகளும் தாங்கள் இருக்கும் இடத்தை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் காரணம். தாழ்வான பாறையில், துணை பக்கத்தில் நிற்க, கண்ணை மூடி இரண்டு மூன்று அடி நகர்ந்து பாருங்கள். அந்த உணர்வு கூர்மையாகும்.

கடைசிப் பயிற்சி, ஏறிய வழியிலேயே இறங்குவது. குதித்துவிடாதீர்கள். கால் எங்கே போகிறது என்று தெரியாமல் தடவி இறங்கும்போதுதான் மற்ற பயிற்சிகள் எந்த அளவு உடம்பில் ஏறியிருக்கின்றன என்பது தெரியும். பனையேறி ஒவ்வொரு மரத்திலும் இதைச் செய்கிறார்: ஏறிய மரத்திலிருந்து இறங்கினால்தான் அவருக்கு அடுத்த மரம்.