மரத்தைச் சுற்றும் கதண்டு

கொல்லை மரத்தைக் குளவிகள் மொய்ப்பதற்குக் காரணம் இரண்டுதான்: அங்கே தீனி இருக்கும், அல்லது கூடு இருக்கும். எது என்று பார்க்காமல் மருந்தடிக்கப் போகிறவர்களும் தீ வைக்கப் போகிறவர்களுமே பெரும்பாலும் கொட்டு வாங்குகிறார்கள். திருச்சியை அடுத்த திருவெறும்பூர்ப் பக்கம் மாவும் கொய்யாவும் முருங்கையும் நிற்கும் வீடுகளில் முதல் வேலை, முப்பது அடி தள்ளி நின்று பத்து நிமிடம் வேடிக்கை பார்ப்பது. தீனிக்கு வந்தவை கிளைக்குக் கிளை அலையும். இலையை நக்கும், பழத்தைக் குடையும், ஆளுக்கொரு திசையில் பறந்து போகும். கூட்டுக்காரக் குளவிகள் அப்படி அலைவதில்லை. எங்கிருந்து வந்தாலும் ஒரே இடத்துக்குள் நேராக நுழையும், அங்கிருந்தே கிளம்பும்.

தீனிதான் காரணம் என்றால் கவலைக்கு அதிகம் இடமில்லை. கூட்டை விட்டு விலகி இரை தேடும் குளவி, கையில் அகப்பட்டு நசுங்கினாலொழிய கொட்டுவது அபூர்வம். கனிந்து வெடித்த சப்போட்டா, அணில் கடித்துப் போட்ட கொய்யா, புளித்த பனம்பழம் ஆகியவற்றின் மணத்துக்கு அவை வரும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிக் குழியில் மூடினாலே பாதிக் கூட்டம் குறைந்துவிடும். பழமே இல்லாத மரத்திலும் குளவி மொய்த்தால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மாவில் தத்துப்பூச்சியும், கொய்யாவிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைச் சொட்டவிடும். இலை பிசுபிசுக்கும்; பிறகு கரும்பூசணம் படர்ந்து கரி பூசியதுபோல் ஆகும். அந்த இனிப்புக்குத்தான் குளவியும் வருகிறது, எறும்பும் வருகிறது. எறும்புகள் மாவுப்பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காவல் காக்கவும் செய்யும். எறும்பீஸ்வரராகச் சிவன் குடிகொண்ட திருவெறும்பூரானாலும் எறும்பு மரமேறாமல் அடிமரத்தில் பசைப்பட்டை கட்டத்தான் வேண்டும். அடர்ந்த கிளைகளைக் கழித்து, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் சாறுறிஞ்சிகள் அடங்கும். இனிப்பு நின்றால் குளவி தானாக வேறு மரம் பார்த்துக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் பொறியைக் கொல்லையில் தொங்கவிடுவது, இல்லாத குளவியையும் கூப்பிட்டு வைக்கும் வேலை. அதில் தேனீக்களும் விழுந்து சாகும்.

குளவியைக் கண்டதும் கொல்ல நினைப்பது தோட்டத்துக்கே நட்டம். புழுக்களைப் பிடித்துக் கூழாக்கித் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதில் அது ஓயாத வேட்டைக்காரி. குளவி வேறு விதத்திலும் உதவும்: பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடியது. மருந்துகள் கைகொடுக்காத நிலையில், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் பூச்சி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டே அதை ஒடுக்கியது.

கூடுதான் காரணம் என்றால், அடுத்த கேள்வி யாருடைய கூடு என்பது. கிளையில் அடையில்லாமல் தேனீக்கள் மட்டும் கொத்தாக ஒட்டித் தொங்கினால் அது இடம்பெயரும் கூட்டம். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். சுவரில் மண்ணுருண்டை கட்டும் குளவி தனிக்கட்டை, கூட்டமாகத் தாக்காது. மூடாத அறைகளுடன், காகிதம்போன்ற சிறு அடையில் மெலிந்த பழுப்புக் குளவிகள் உட்கார்ந்திருந்தால் அது ரோபலிடியா இனமாக இருக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடகர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த குளவி இது. இதன் ராணி உருவத்தில் வேலைக்காரிகளைப் போலவே இருக்கும், குணத்திலோ அவற்றைவிடச் சாது. ராணியை அகற்றிய சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி திடீரென்று மூர்க்கமாகி எல்லாவற்றையும் மிரட்டும்; அதுவே அடுத்த ராணி. ஆள் நடமாடாத கிளையில் இருந்தால் இந்தக் கூட்டை விட்டுவிடலாம்.

விட்டுவிட முடியாதது கதண்டு. திருச்சியிலும் டெல்டா மாவட்டங்களிலும் இந்தப் பெயர்; வேறு சில வட்டாரங்களில் கடந்தை என்பார்கள். கருத்த உடலில், வயிற்றின் முன்பகுதியில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் பட்டை. பட்டை அகலமாக முதல் இரண்டு கண்டங்களையும் மூடியிருந்தால் வெஸ்பா அஃபினிஸ். இரண்டாம் கண்டத்தில் மட்டும் இருந்தால், பிற குளவிகளின் கூட்டையே சூறையாடும் வெஸ்பா டிராபிகா. கதண்டு மரநாரை மென்று எச்சிலில் குழைத்து, அலையலையான சாம்பல், பழுப்பு வரிகளுடன் மூடிய உருண்டையாகக் கூடு கட்டும். ஒரே ஒரு ராணி எலுமிச்சை அளவில் தொடங்குவது, சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கதண்டுகளுடன் பனையிலோ தென்னையிலோ பானையளவுக்குத் தொங்கும். தென்னை ஏறுபவர்களும், புதர் வெட்டும் நூறு நாள் வேலைக்காரர்களும் தெரியாமல் அதைத் தொட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தேனீயின் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். கதண்டின் கொடுக்கு அப்படிச் சிக்காது, ஒன்றே பலமுறை கொட்டும். கொட்டும்போது பரவும் வாசனை மற்றவற்றையும் அழைத்து வரும். கல்லெறிவதும், கீழே குப்பை கொளுத்திப் புகை போடுவதும், பகலில் மருந்தடிப்பதும் இதனால்தான் ஆபத்து.

கதண்டுக் கூட்டுக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 அல்லது 112-இல் அழைப்பதே வழி. பாதுகாப்பு உடையுடன், எல்லாம் கூடடைந்த இரவில், தீப்பந்தத்தாலோ வேறு முறையாலோ அழிப்பார்கள். அதுவரை மரத்தடியை மறித்து, பிள்ளைகளையும் கட்டிப்போட்ட மாட்டையும் அப்புறப்படுத்தி, கொல்லை விளக்கை அணைத்து வைக்க வேண்டும். கலைந்த கதண்டு இருட்டில் வெளிச்சத்தை நோக்கி வரும். வெளியே தங்கிவிட்ட சில மறுநாள் அதே இடத்தைச் சுற்றலாம். அவற்றைச் சீண்டாமல் விட்டால் கலைந்துவிடும்.

கூட்டம் துரத்தினால் கையை வீசாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுவது நல்லது. சுண்ணாம்பு தடவுவது பழைய வழக்கம். விஷம் தோலுக்குள் போய்விட்ட பிறகு அதனால் பயனில்லை, கண்ணருகே தடவினால் புண்ணாகும். உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகள். ஒரே கொட்டில்கூட நிமிடங்களில் உயிர்போகலாம் என்பதால் 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே அதற்கு முதல் சிகிச்சை. கதண்டு விஷத்துக்குப் பாம்புக்கடிக்கு இருப்பதுபோல முறிவு மருந்து கிடையாது. பல இடங்களில் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் துவாக்குடி அரசு மருத்துவமனைக்கோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும். விஷம் ரத்த அணுக்களையும் தசையையும் சிதைத்து, ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதும், அளவு குறைவதும் அதன் முதல் அடையாளங்கள்.