வண்டியின் எண்ணும் கடல் கடந்த பயணமும்

நாட்டின் எல்லையில் நிற்கும் அதிகாரி ஒரு மனிதனைப் பார்த்து, "நீர் யார்?" என்று கேட்டால் அவன் வாய் திறந்து பதில் சொல்லிவிடுவான். அவன் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் அதற்கு வாய் ஏது? ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட நூறு வண்டிகள் நிறத்திலும் உருவத்திலும் இம்மியும் வேறுபடுவதில்லை. அவற்றுள் இது இன்னது என்று காட்டுவது அதன் உடலில் வெட்டப்பட்டுள்ள எண் ஒன்றே. வெளிநாட்டுப் பயணத்துக்கு வேண்டிய பத்திரங்கள் எத்தனை இருப்பினும், அவை யாவும் அந்த எண்ணைத் தூணாகக் கொண்டே நிற்கின்றன.

"பதிவு எண் பலகை இருக்கிறதே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பலகை இரண்டு திருகாணிகளில் தொங்குவது, நொடியில் மாற்றத்தக்கது. ஆகவேதான் வண்டியின் சட்டத்திலேயே எண்ணைப் பொறிக்கிறார்கள். இதையே சேஸிஸ் நம்பர் என்கிறோம். பெரும்பாலான வண்டிகளில், கைப்பிடி திரும்புகின்ற கழுத்துப் பகுதியில் இது காணப்படும். எஞ்சினுக்கும் தனி எண் உண்டு. எஞ்சின் எண்ணை மட்டும் நம்பினால் என்ன நேரும்? அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் 1969 வரை அடையாள எண் எஞ்சினில் மட்டுமே இருந்தது. எஞ்சினை மாற்றினால் வண்டியின் பெயரும் அதனுடன் போய்விடும். 1970 முதல் சட்டத்திலும் எண் பொறிக்கப்பட்டது.

முற்காலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் மனம்போல் எண்ணிட்டது. இக்குழப்பம் தீர, 1981 முதல் அமெரிக்காவில் 17 இடங்கள் கொண்ட எண் கட்டாயமாயிற்று. சர்வதேசத் தர நிர்ணய நிறுவனமும் அதே முறையை வகுத்து உலகுக்கு அளித்தது. முதல் மூன்று இடங்கள் செய்தவர் யார் என்பதையும், அடுத்த ஆறு வண்டியின் வகையையும், இறுதி எட்டு அந்த ஒற்றை வண்டியையும் குறிக்கும். ஜப்பானிய வண்டியின் எண் ஜே என்ற எழுத்தில் தொடங்கும். ஜெர்மானிய வண்டியின் எண் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும். நம் நாட்டு வண்டிகளுக்கு முதலெழுத்து எம். இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அதே எழுத்தைப் பகிர்ந்துகொள்வதால் இரண்டாம் எழுத்தையும் பார்த்தே நாட்டை அறிய வேண்டும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இங்கு இடமில்லை. ஐ ஒன்றைப் போலவும், மற்ற இரண்டும் பூஜ்யத்தைப் போலவும் தோன்றிக் கண்ணை ஏமாற்றும் அன்றோ!

கணிதம் பயிலும் மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. வட அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் ஒரு காவற்காரன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே ஒன்பதாம் இடத்தில் நிற்க வேண்டும். மீதி 10 ஆனால் எக்ஸ் என்று எழுதுவர். எண்ணைப் பிழையாக எழுதினால் பெரும்பாலும் இக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இனி எல்லைக்கு வருவோம். அயல்நாட்டு வண்டியைக் கொண்டுவந்து விற்றால் இறக்குமதித் தீர்வை செலுத்த வேண்டும். சில நாடுகளில் தீர்வை வண்டியின் விலையையே மிஞ்சிவிடும். சுற்றிப் பார்க்க வந்து திரும்புகிறவனிடம் அதை வசூலிப்பது நியாயமன்று. வசூலிக்காமல் விட்டால், அவன் வண்டியை விற்றுவிட்டுப் போனால் என் செய்வது? இதற்குக் கண்ட வழிதான் 'கார்னே' என்னும் சுங்கப் புத்தகம். 1954-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் உருவான ஒப்பந்தம் இதற்கு ஆதாரங்களுள் ஒன்று. பயணியின் நாட்டிலுள்ள மோட்டார் சங்கம் அவனிடம் ஜாமீன் பெற்றுக்கொண்டு இப்புத்தகத்தை அளிக்கிறது. ஐரோப்பாவில் இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஈரான், எகிப்து, இந்தியா போன்ற நாடுகளில் தேவைப்படும்.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாக இருக்கும். உள்ளே நுழையும்போது ஒரு பகுதியையும், வெளியேறும்போது மற்றொரு பகுதியையும் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார். இரு முத்திரைகளும் பதிந்த அடிக்கட்டை பயணியிடம் தங்கும். வந்த வண்டி திரும்பிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது ஒரு சிறு பிழையைக் கற்பனை செய்து பாருங்கள். பத்திரம் எழுதியவர் 8 என்ற இலக்கத்தை பி என்ற எழுத்தாக எழுதிவிட்டார். நுழைவாயிலில் எவரும் கவனிக்கவில்லை. வெளியேறும் இடத்தில் அதிகாரி கூர்ந்து பார்க்கிறார். "புத்தகத்தில் உள்ள வண்டி வேறு, இங்கு நிற்கும் வண்டி வேறு. அந்த வண்டி எங்கே?" என்று கேட்கிறார். குற்றமற்ற பயணி என்ன விடை சொல்வான்? வெளியேறும் முத்திரை கிடைக்காவிடில், சுங்க இலாகா தீர்வையைச் சங்கத்திடம் கேட்கும். சங்கம் அதை அவனுடைய ஜாமீன் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓர் எழுத்தின் விலை ஒரு வண்டியின் விலை!

கார்னே வண்டிக்கு உரியது. ஓட்டுகிறவனுக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் வேண்டும். 1949-இல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி அது ஓராண்டு செல்லும். சொந்த நாட்டு லைசென்சும் உடனிருக்க வேண்டும். வண்டியின் பின்புறத்தில் நாட்டின் குறியெழுத்தும் வேண்டும், இந்தியாவுக்கு ஐ.என்.டி. என்பதே குறி. பிறருக்கு விளையும் சேதத்துக்கு இன்ஷுரன்ஸும் அவசியம். ஐரோப்பிய நாடுகள் 1953 முதல் 'பச்சை அட்டை' என்ற முறையால் ஒன்றன் இன்ஷுரன்ஸை மற்றொன்று ஏற்கின்றன.

1973-இல் இங்கிலாந்திலிருந்து டிரையம்ப் வண்டியில் கிளம்பிய டெட் சைமன் நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைக் கண்டு திரும்பினார். இத்தகைய பயணங்களில் துணிவைப் பற்றியே பேசுகிறோம். எல்லைச் சாவடியில் துணிவை எவரும் அளப்பதில்லை, "வந்ததுதான் போகிறதா?" என்று மட்டுமே கேட்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாத நாடுகள் ஒன்றையொன்று நம்புவதற்கு அந்த ஒரு வினாவே போதுமானதாக இருக்கிறது.

இன்று உங்கள் வீட்டு வண்டியின் சேஸிஸ் எண்மீது ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். தாளில் எழும் எண்ணைப் பதிவுப் புத்தகத்துடன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருப்பின், அதை வீட்டிலிருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. ஆயிரம் மைலுக்கு அப்பால், பிறர் மொழி பேசும் சாவடியில், அது எளிதன்று.