தண்ணீர் குடிக்காத டைல்ஸ்

டைல்ஸ் கடைக்குள் கால் வைத்ததுமே டபுள் சார்ஜ், ஜிவிடி, பிஜிவிடி, ஃபுல் பாடி என்று பெயர்களாக வந்து விழும். வீடு கட்டுகிறவர்கள் இங்கேதான் திணறிப்போகிறார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான் இது. இரண்டே கேள்விகள்: இந்த ஓடு எவ்வளவு தண்ணீர் உறிஞ்சும்? இதன் நிறம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது?

நாம் விட்ரிஃபைட் என்று வாங்குவது பெரும்பாலும் போர்சிலின்தான். தன் எடையில் 0.5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ தண்ணீர் உறிஞ்சினால்தான் அந்த வகையில் சேரும் என்கிறது ஐஎஸ்ஓ 13006. சமையலறைச் சுவருக்கு ஒட்டும் சாதாரண டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். இரண்டும் மண்தான், வித்தியாசம் சூளையில் பிறக்கிறது.

நம் கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் மிகப் பல குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வந்தவை. மச்சு ஆற்றங்கரையில் இருக்கும் மோர்பி, கூரை ஓட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பேர்போன ஊர். அங்கே களிமண், குவார்ட்ஸ், ராஜஸ்தானிலிருந்து வரும் ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றைத் தண்ணீர் விட்டு, கூழாங்கற்கள் உருளும் பெரிய உருளைகளில் மணிக்கணக்கில் அரைக்கிறார்கள். அந்தக் கூழை உயரமான கோபுரத்துக்குள் வெப்பக் காற்றில் பீய்ச்சி அடித்தால், விழுவதற்குள் காய்ந்து, நைஸ் ரவை மாதிரி மணிமணியாக இறங்கும். வெறும் தூசாக இருந்தால் அச்சில் சீராகப் பரவாது. அதற்காகத்தான் இவ்வளவு பாடு. மணிகளில் 5, 6 சதவீத ஈரம் மிச்சம் வைப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு நானூறு கிலோ அளவில் அழுத்தும்போது ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள அந்த ஈரம் வேண்டும்.

பிரஸ்ஸிலிருந்து வரும் பச்சை ஓட்டைக் கையாலேயே உடைத்துவிடலாம். காயவைத்து, தேவையென்றால் பூச்சும் அச்சும் கொடுத்து, நூறு மீட்டருக்கும் நீளமான சூளைக்குள் உருளைகள் மேல் அனுப்புகிறார்கள். சுமார் 1200 டிகிரி செல்சியஸில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு இடையே உள்ள துளைகளை அடைத்துவிடுகிறது. தண்ணீர் போக வழி இல்லாமல் போவது அந்த இடத்தில்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மறுமுனையில் வெளியே வரும்போது ஓடு 8 சதவீதம் போலச் சுருங்கியிருக்கும். 65 சென்டிமீட்டராக அழுத்தியது 60 ஆகிவிடும். சூளையின் வெப்பம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நிறம் மாறும். பெட்டியின் மேல் ஷேட் எண் அச்சடிப்பது அதனால்தான். எல்லாப் பெட்டியிலும் அந்த எண் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைப்பதும் நல்லது. பிறகு அதே ஷேட் கிடைக்காது.

இனி வகைகள். ஃபுல் பாடியில் மேலிருந்து அடி வரை ஒரே நிறம். விளிம்பு பெயர்ந்தாலும் கண்ணை உறுத்தாது. டபுள் சார்ஜில் அச்சுக்குள் இரண்டு முறை தூள் கொட்டி அழுத்துவார்கள். மேலே 3, 4 மில்லிமீட்டர் நிறம் இருக்கும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கடைக்கும் மண்டபத்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் டிசைன் குறைவு. ஜிவிடி என்பது மேலே பூச்சிட்டு, இங்க்ஜெட்டில் மார்பிளோ மரமோ அச்சடித்தது. பிஜிவிடி அதையே பாலிஷ் செய்தது. அழகு அள்ளும், ஆனால் அந்த அழகு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மேல்தோலில்தான் இருக்கிறது. வீட்டுக் கூடத்துக்குத் தாராளமாகப் போதும். குளியலறைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சொரசொரப்பான மேட்தான் போட வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஓட்டைத் திருப்புங்கள். உருளையில் ஒட்டாமலிருக்கப் பூசிய வெள்ளைக் கோடுகள் தெரியும். கோடு இல்லாத இடத்தில் டீ ஒரு சொட்டு விடுங்கள். சுவர் டைல்ஸ் என்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடும். போர்சிலினில் சொட்டு அப்படியே நிற்கும்; துணியால் துடைத்தால் தடம்கூட இருக்காது.

இந்தக் குணமே பதிக்கும்போது தொல்லை. தண்ணீர் உறிஞ்சாத ஓட்டில் வெறும் சிமெண்ட் பால் இறங்கிப் பிடிக்க வழியில்லை. நாளடைவில் தட்டினால் டொக்டொக்கென்று கேட்கும், பிறகு பெயரும். டைல்ஸ் பசை போட்டு, ஸ்பேசர் வைத்து, இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். வெட்டும்போது தண்ணீர் ஊற்றியபடி வெட்டச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் வரும். அதைத் தீர்க்க மருந்து கிடையாது. வெட்டுகிற தம்பிக்கு நல்ல முகக்கவசமும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.