காந்தலுக்காகவே ஒரு ஸ்பாகெட்டி

பாஸ்தா பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்த்திருப்பீர்கள். 'நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாஸ்தாவைப் போட்டு, வெந்ததும் நீரை வடித்துவிடவும்' என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். இத்தாலியர்கள் சொல்லும் கணக்கும் அதுவே. 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர். நாலு பேருக்கு 400 கிராம் என்றால் 4 லிட்டர்! அதைக் கொதிக்க வைக்க காஸ் எவ்வளவு ஆகும்? கொதித்த நீரெல்லாம் கடைசியில் அங்கணத்தில்தான். எங்கள் காந்திகிராமம், சின்னாளபட்டிப் பக்கம் கோடையில் ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியுமா, எரியாதா?

அதனால் எங்கள் வீட்டில் பாஸ்தா வாங்கினால், நான் சேமியா போலவே வறுத்து, அளந்த தண்ணீர் விட்டு, மூடி வைத்து இறக்கிவிடுவேன். பத்தாவது படிக்கும் என் பெண்ணுக்கு அது பிடிக்காது. "வடிச்சாத்தாம்மா பாஸ்தா. நீ பண்றது உப்புமா. என் ஃபிரெண்ட்ஸ் வந்தா இதை வைக்காதே" என்பாள். ருசியில் குறை சொல்ல மாட்டாள். ஆனால் 'முறை' அது இல்லையாம். அம்மா செய்வது பட்டிக்காட்டு வழி என்று பெண் நினைத்துவிட்டால் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தானே இருக்கிறது?

எனக்குத் துணைக்கு வந்தவன் என் தங்கை மகன். கப்பலில் வேலை பார்க்கிறான். பாரி என்ற துறைமுகத்தில் இறங்கினவன் அங்கிருந்து போன் போட்டான். "பெரியம்மா, இங்கே ஸ்பாகெட்டியைத் தண்ணியில வேக வைக்கிறதே இல்லை. பச்சையா அப்படியே இரும்புச் சட்டியில போட்டு வறுக்கிறாங்க. காந்த விடுறாங்க. அந்தக் காந்தலுக்குத்தான் கூட்டம்!"

பாரி என்றதும் முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல்தான் எனக்கு ஞாபகம் வந்தார். இது வேறு. பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலியின் குதிகால் பக்கம், ஆட்ரியாடிக் கடலோரத்தில் இருக்கும் ஊர். பூலியா மாநிலத்தின் தலைநகர். அந்தப் பண்டத்துக்கு ஸ்பாகெட்டி அல்லசாசினா என்று பெயர். அர்த்தம் கேட்டால் சிரிப்பீர்கள். 'கொலைகாரி ஸ்பாகெட்டி'! மிளகாய்க் காரம் அப்படி ஆளை அடிக்குமாம். 1960-களில் அந்த ஊர் உணவு விடுதி ஒன்றில் பிறந்தது என்று சொல்கிறார்கள். இதன் பக்குவம் கெட்டுப் போகாமல் காக்க 2013-ல் ஒரு சங்கமே ஆரம்பித்திருக்கிறார்கள். 'வடி, வடி' என்று உலகத்துக்கே பாடம் சொல்லும் நாட்டில், ஓர் ஊர் மட்டும் வடிக்காமல் சமைத்து, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறது பாருங்கள்.

நம் திண்டுக்கல்லுக்கு இது புதுசா என்ன? அணில் சேமியா திண்டுக்கல் சரக்கு. சேவரிட் கம்பெனியும் திண்டுக்கல்தான். சேமியாவை வறுத்து, 1 டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டு வீணாகாமல் இறக்குவது இங்கே சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். திண்டுக்கல் பிரியாணியும் அப்படித்தானே? சீரகச் சம்பா அரிசியை வடித்துக் கொட்டாமல் மசாலாத் தண்ணீரிலேயே வேக விடுவதால்தான் ஒவ்வொரு பருக்கையிலும் ருசி ஏறுகிறது.

வறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சையாகத் தண்ணீரில் போட்டால் மேல்பக்கத்து மாவுச்சத்து சீக்கிரம் கரைந்து பசையாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிறையத் தண்ணீரில் வேக வைக்கச் சொல்வதே அந்தப் பசை நீர்த்துப் போகத்தான். எண்ணெயில் வறுபட்டுவிட்டால் அத்தனை சுலபமாகக் கரையாது. உதிரி உதிரியாக நிற்கும். கரைகிற கொஞ்சமும் சட்டியிலேயே தங்கி, தக்காளிச் சாற்றைக் கெட்டியாக்கிப் பளபளவென்று பூசிவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். மைதா பாஸ்தா இதற்குச் சரிப்படாது, கூழாகிவிடும். இத்தாலியில் தயாரித்து அங்கேயே விற்கிற உலர்ந்த பாஸ்தா, துரும் என்ற கெட்டிக் கோதுமை ரவையில்தான் இருக்க வேண்டும் என்று 1967-ல் சட்டமே போட்டார்கள். நம் சம்பா கோதுமை அதற்கு நெருங்கிய சொந்தம். இங்கே விற்பதிலும் துரும் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது செய்முறை. மூன்று பேருக்கு 200 கிராம் ஸ்பாகெட்டி. ஒட்டன்சத்திரத்துப் பழுத்த தக்காளி ஏழெட்டு எடுத்து அரைத்து வடிகட்டுங்கள். அதில் அரை டம்ளர் விழுதைத் தனியே வைத்துக்கொண்டு, மீதியை 4 டம்ளர் தண்ணீரில் கலந்து, உப்புப் போட்டுப் பக்கத்து அடுப்பில் கொதித்தபடியே வைத்திருங்கள். இது ரொம்ப முக்கியம். ஆறின தண்ணீரை ஊற்றினால் சட்டியின் சூடு இறங்கி ஸ்பாகெட்டி சொதசொதவென்று ஆகிவிடும்.

ஸ்பாகெட்டியை ஒடிக்காமல் நீளவாக்கில் படுக்க வைக்கிற அளவு அகலமான இரும்புச் சட்டி வேண்டும். நான்ஸ்டிக் வேண்டாம், அதை இவ்வளவு காய விடுவது நல்லதில்லை. அவர்கள் ஆலிவ் எண்ணெய் விடுகிறார்கள். அது விற்கிற விலைக்கு நான் கடலை எண்ணெய்தான் விடுகிறேன், நாலு மேஜைக் கரண்டி. நசுக்கின பூண்டு ஐந்து பல், கிள்ளின வரமிளகாய் மூன்று போட்டு வதக்கி, தக்காளி விழுதை ஊற்றுங்கள். அது சுண்டி எண்ணெய் பிரிந்ததும் பச்சை ஸ்பாகெட்டியைப் பரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளறவே கூடாது. அடியில் சிவந்து, காந்துகிற வாசனை லேசாக வரும்போது இரண்டு கரண்டி தக்காளித் தண்ணீர். 'சொய்ங்' என்று சத்தம் வரும். அப்புறம் காதுதான் உங்களுக்குக் கடிகாரம். தண்ணீர் இருக்கும்வரை களகளவென்று கொதிக்கும். அது வற்றியதும் படபடவென்று பொரிகிற சத்தமாக மாறும். அப்போது தோசைக்கரண்டியால் கொத்துக் கொத்தாகப் புரட்டிவிட்டு, மறுபடி இரண்டு கரண்டி. இப்படியே பதினைந்து, இருபது நிமிஷம். ஒரு இழையைக் கடித்துப் பாருங்கள். உள்ளே மாவு தட்டாமல், ஆனால் குழையாமல் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, கடைசியாக ஒருமுறை நன்றாகச் சிவக்க விட்டு இறக்குங்கள்.

மொத்தத்தில் செலவானது 4 டம்ளர் தண்ணீருக்கும் குறைவு. வடித்தது ஒன்றுமில்லை. காஸ் மட்டும் மிச்சமாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அடுப்பு எரிகிறதே! காஸ் மிச்சம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு இத்தாலியர் வழி சொன்னார். 2021-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜோ பாரிசி, பாஸ்தா போட்ட தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடி வைத்தாலே வெந்துவிடும் என்ற யோசனையை 2022-ல் எடுத்துச் சொன்னார். அந்த ஊர்ச் சமையல்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். நாம் ரவா உப்புமாவை இறக்கி மூடி வைப்பதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காந்தல் என்றால் செம்பழுப்பு நிறம். கரியாகத் தீய்ந்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கசப்பது மட்டுமல்ல, அடிக்கடி சாப்பிட்டால் உடம்புக்கும் ஆகாது. சின்னக் குழந்தைகளுக்கு மிளகாய் சேர்க்காமல் கொஞ்சம் மிளகுத்தூள் போதும். மாவுச்சத்து மட்டும் வயிற்றை நிரப்பினால் போதாது. பக்கத்தில் அவித்த முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கட்டும். குழைந்ததைவிடச் சற்று விறைப்பாக வெந்த பாஸ்தா மெதுவாகத்தான் ஜீரணமாகும். அதற்காகச் சர்க்கரை வியாதிக்காரர்கள் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

இரும்புச் சட்டியில் தக்காளிப் புளிப்பு பட்டால் கொஞ்சம் இரும்புச்சத்து பண்டத்தில் இறங்கும். நம் பெண்களில் சோகை பிடித்தவர்கள் எத்தனை பேர்! டாக்டர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மிச்சத்தைச் சட்டியிலேயே விட்டு வைத்தால் கறுத்து, இரும்பு வாடை வரும். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சட்டியைக் கழுவித் துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணின் தோழிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். இதைத்தான் செய்து வைத்தேன். 'கொலைகாரி' என்று பெயர் சொன்னதுமே பாதி காலி. மீதிப் பாதியில் சட்டியின் அடியில் ஒட்டின காந்தல் யாருக்கு என்று சண்டை. சுரண்டியோடு முதலில் வந்து நின்றது என் பெண்தான்.